பிரேக்கருக்குக் காற்றடிக்கப் போன கதை

எங்கள் சித்தப்பாவுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. மாட்டுக்கு வயிறு உப்பினால் அவர்தான் டாக்டர், டிவியில் படம் வராவிட்டால் அவர்தான் மெக்கானிக். இது எங்கள் குடும்பத்து வியாதி. நான் மூன்றாவது படிக்கும்போது அது துணைமின் நிலையம் வரைக்கும் போனது.

கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்களுக்கு மக்காச்சோளம். கதிர் பிடிக்கிற நேரம். காற்றில் லைன் மேல் மரம் சாய்ந்து கரண்ட் போனது. மரத்தை அறுத்துப் போட்ட பிறகும் மோட்டார் ஓடவில்லை. சங்கராபுரம் சாலையில் இருந்த துணைமின் நிலையத்தில் கேட்டால், லைனில் கரண்டைச் சேர்க்கவும் பிரிக்கவும் இருக்கிற பிரேக்கருக்குள் கேஸ் அழுத்தம் இறங்கிவிட்டது, அது தானாகவே பூட்டிக்கொண்டது, கேஸ் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்றார்கள். எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. கசிகிறது என்று முன்பே சொல்லியும் மேலே யாரும் காதில் வாங்கவில்லையாம். சோளமோ இலை சுருண்டு நின்றது.

"பிரஷர் கம்மி, அவ்ளோதான?" என்றார் சித்தப்பா. பஞ்சர் கடையிலிருந்து கம்ப்ரசரைத் தூக்கி டிராக்டர் பெட்டியில் ஏற்றினார். தடுக்க வேண்டிய அப்பாவும் ஏறிக்கொண்டார். நான் பெருமையாக டியூபைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

துணைமின் நிலையத்தில் ஆபரேட்டர் ஒருவர்தான் இருந்தார்.

"இன்னாண்ணே இது?"

"காத்து. அடிச்சிக்கோ."

"டயராண்ணே அது? கரண்ட பிரிக்கும்போது உள்ள நெருப்பு இழுக்கும், வெல்டிங்க வுட ஜாஸ்தி. கரண்ட் ஏறி எறங்கிக்கினே இருக்கும். அது எறங்குற நேரத்துல கேஸ் பாஞ்சி நெருப்ப அணைக்கணும். வெறுங்காத்துக்கு அந்தத் தெம்பு கெடையாது."

"ஃபேன் காத்துல குந்திக்கினு பாடம் நடத்துறியா? என் சோளம் காயுதுய்யா!" சித்தப்பா அவர் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"பூட்ட ஒடச்சி கையால போடு" என்றார் அப்பா.

"போட்டுடலாம். மறுபடி மரம் வுழுந்தா நிறுத்ததான் முடியாது."

சித்தப்பா விடவில்லை. காலர் கிழிந்தது. ஆபரேட்டர் என்னைப் பார்த்தார்.

"செரி, போடுறேன். மொதல்ல பாப்பாவ ரோட்டுக்கு அந்தாண்ட வுட்டுட்டு வாங்க."

"அவ இன்னா பண்ணா உன்ன?" என்றார் சித்தப்பா.

"பிரேக்கரோட பீங்கான் தூணு வெடிச்சா துண்டு இங்க வரைக்கும் தெறிக்கும்ணே. நாம மூணு பேரும் நிக்கலாம். கொழந்த வாணாம்."

சித்தப்பா காலரை விட்டார். போய் டிராக்டரைக் கிளப்பினார்.

கேஸ் வந்து சேர்வதற்குள் பாதிச் சோளம் பதராகிவிட்டது. அந்த இலாகாவில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. சித்தப்பாவுக்கும்தான். காற்று அடித்திருந்தால் ஓடியிருக்கும் என்று இன்றைக்கும் சாதிக்கிறார். கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலிதான் மிச்சம்.

அன்று திரும்பி வரும்போது வழி முழுக்க நான் அழுதேன். என்னால்தான் கரண்ட் வராமல் போயிற்று என்று நினைப்பு. "நான் ரோட்டுக்கு அந்தாண்ட நின்னிருப்பேனே, நீங்க போட்டிருக்கலாம் இல்ல?" என்று ஓயாமல் கேட்டேன். அப்பா என் வாயைப் பொத்தினார். அந்தக் கை உதறிக்கொண்டே இருந்தது. டிராக்டர்தான் குலுக்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.