பொட்டு வைத்த பெட்டி

மலாக்கா டவுனில், ஆற்றுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. சரக்கு அனுப்புகிறவர்களுக்குக் கப்பலில் இடம் பிடிப்பது, காலிக் கண்டெய்னர் வரவழைப்பது, சுங்கத்துக்கான தாள்களைச் சரிபார்ப்பது, இதெல்லாம் எங்கள் வேலை. தொண்ணூறுகளில் நான் அங்கே கிராணி, அதாவது குமாஸ்தா. அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்தில் இருந்த என் அம்மாவுக்கு வெறும் கிராணி என்று சொன்னால் போதவில்லை. “மக கப்பல் கிராணி” என்று தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நான் ஒரு கப்பலைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை என்ற உண்மையை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவின் பெருமையை நான் எதற்குக் கெடுக்க வேண்டும்?

பள்ளியில் படித்தபோது, உலகத்துக் கப்பல்களெல்லாம் மலாக்காவில்தான் வந்து நின்றன என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். நான் வேலைக்குப் போனபோது எங்கள் ஊர்க் கடலில் பெரிய கப்பல் நிற்க ஆழம் இல்லை. கண்டெய்னரை லோரியில் ஏற்றி, நெடுஞ்சாலை பிடித்து வடக்கே பெரிய துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த இரண்டையும் நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த வேலையில் நான் அதிகமாகப் பேசிய வாக்கியம் “கப்பல் இன்னும் வரலே” என்பதுதான். ஏதோ நான்தான் கப்பலை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருப்பதுபோல் வாடிக்கையாளர்கள் என்னைத் திட்டுவார்கள். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. “நீங்களே நீந்திப் போய் இழுத்துட்டு வாங்கலா” என்று ஒருவரிடம் சொல்லி, முதலாளி தவுக்கேயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சண்டைகள்கூட இனிக்கின்றன. போன் மணி, பேக்ஸ் தாளின் சூடு, கீழே சைக்கிள் கடையில் டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் எல்லாம் சேர்ந்து காதில் அப்படியே இருக்கிறது.

மெர்லிமாவ் அக்கா எங்கள் ஆபீசுக்கு வந்தது துறைமுகம் படுத்துக் கிடந்த ஒரு சமயத்தில். அங்கே பாரந்தூக்கிகள் பழுதாகி, கப்பல்கள் வெளிக் கடலில் வரிசை கட்டி நின்றன. உள்ளே வந்த கப்பலும் முழுச் சரக்கையும் ஏற்றக் காத்திருக்காமல், கிடைத்ததை ஏற்றிக்கொண்டு ஓடியது. அதனால் விதிகளை இறுக்கிவிட்டார்கள். ‘குளோசிங்’ என்று ஒன்று உண்டு. அந்த நேரத்துக்குள் கண்டெய்னர் துறைமுக வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும், தாளில் ஒரு எண் பிசகினாலும் ஓரங்கட்டி விடுவார்கள். அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அக்கா மோட்டாரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் உள்ளே நசுங்கிப்போயிருந்த மல்லிகையை நீவிவிட்டு மறுபடி கொண்டையில் செருகிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மெர்லிமாவில் ஒரு கொட்டகையில் பால்மரத்துப் பலகையில் நாற்காலி செய்துகொண்டிருந்தார். ரப்பர் மரத்தை எங்கள் ஆட்கள் பால்மரம் என்றுதான் சொல்வோம். தோட்டத்தை விட்டு வெளியே வந்த சில பெண்கள் அவரோடு வேலை செய்தார்கள். ஜப்பானிலிருந்து ஒருவர் மாதிரி பார்த்து, முதல் முறையாக ஒரு கண்டெய்னர் நிறைய நாற்காலி கேட்டிருந்தார்.

“மாசம் முடியறதுக்குள்ள கப்பல் கெளம்பலேன்னா எடுக்க மாட்டானாம். முன்னாடியே சொல்லிட்டான்” என்றார் அக்கா.

“எடுக்கலேன்னா?”

“கொட்டகைய மூடிட வேண்டியதுதான். பொண்ணுங்கள்லாம் பேக்டரிக்குப் போயிடும். நான் மறுபடி தோட்டத்துக்குப் போவணும். செம்பனைப் பழம் பொறுக்க.”

அவர் அழவில்லை. சந்தையில் மீன் விலை சொல்வதுபோல் சொன்னார்.

நான் கப்பலில் இடம் பிடித்தேன். அந்தக் கப்பல் பிந்தியது. வேறொன்றில் பிடித்தேன். அது எங்கள் துறைமுகத்தையே தவிர்த்துவிட்டுப் போய்விட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அக்கா தினமும் பக்கத்து மளிகைக் கடை போனிலிருந்து கூப்பிடுவார். ஆபீசுக்கு வந்தால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாதுன்னு சொல்வாங்க. நம்ம கப்பல் இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள எதுக்குக் கை?” என்று ஒருநாள் கேட்டேன். அவர் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

கடைசியாக, மாத முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு கப்பலில் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளோசிங். அன்று காலையிலேயே நான் மெர்லிமாவ் போய்விட்டேன்.

அந்தப் பாதையில் அதற்கு முன் கண்டெய்னர் லோரி வந்ததில்லை. கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் பிள்ளைகள் வேலி ஓரத்தில் நின்று பார்த்தார்கள். பெண்கள் நாற்காலிகளைத் தூக்கிவர, அக்கா கண்டெய்னர் வாசலில் நின்று ஒவ்வொன்றையும் கவிழ்த்தார். கிண்ணத்திலிருந்து சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம் வைத்து, உட்காரும் பலகைக்கு அடியில் ஒரு பொட்டு வைத்தார். பிறகுதான் உள்ளே விட்டார்.

“என்னாக்கா இது? ஒவ்வொண்ணுக்குமா?” எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

எங்கள் தோட்டத்துப் பேச்சில் மரம் வெட்டுவது என்றால் பால் எடுப்பது. ஒருவர் வெட்டுகிற மரவரிசை அவருடைய ‘நெரை’. மரத்தைக் கொல்வதற்கு ‘சாய்க்கிறது’ என்போம். செம்பனை நடுவதற்காகப் பால்மரங்களைச் சாய்க்கும்போது, எவை போக வேண்டுமோ அவற்றுக்கு முன்கூட்டியே சிவப்புச் சாயம் அடித்து வைப்பார்கள். இது எனக்கும் தெரியும். அக்கா நாற்காலியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

“இந்தப் பலகையெல்லாம் எங்கம்மா வெட்டுன நெரை மரம்லா. அவங்க நெரைக்கு செவப்பு அடிச்ச அன்னிக்கு வீட்டுக்கு வந்து பசியாறவே இல்ல. சும்மா ஒக்காந்திருந்தாங்க. தோட்டத்துக்காரங்க செவப்பு அடிச்சு சாகக் குடுத்தாங்க. நான் செவப்பு வச்சு அனுப்பி விடறேன். வேற என்னா செய்யறது?”

நான் அடுத்த நாற்காலியைத் தூக்கி அவரிடம் நீட்டினேன்.

ஆனால் நேரம் ஓடியது. கடைசி வரிசை ஏறும்போது எல்லாருக்கும் பதற்றம். கதவு மூடப்போகும்போது அக்கா, “ஒண்ணு விட்டுப்போச்சு போலலா. பொட்டு வச்ச மாதிரியே இல்ல” என்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

“அக்கா, ஜப்பான்காரன் குனிஞ்சு பாக்கவா போறான்? கதவ மூடுங்க!” என்று கத்தினேன்.

கதவு மூடியது. கப்பல் கம்பெனி கொடுத்த ‘சீல்’ என்கிற எண் பொறித்த பூட்டை நானே கதவில் மாட்டி, எண்ணைத் தாளோடு ஒப்பிட்டேன். கிளம்பலாம் என்றால் லோரிக்கார அண்ணன் சாவியைத் தொடவில்லை. ராகு காலமாம். கப்பலுக்கு ராகு காலம் தெரியாது என்று நான் சொன்னேன். “கப்பலுக்குத் தெரியாது, என் லோரிக்குத் தெரியும்” என்றார். நான் கோபத்தில் முன்பக்கம் போய் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பின்னால் சூடம் காட்டினார்கள், தேங்காய் உடைத்தார்கள். ராகு காலம் முடிந்ததும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, லோரி கிளம்பியது. அக்கா பாதை முனைவரை கூடவே நடந்து வந்தார்.

துறைமுகத்துக்கு வெளியே லோரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. நகர்ந்தும் நகராமலும் வாசலுக்கு வந்தபோது சாயங்காலமாகிவிட்டது. சீருடை போட்ட மலாய்க்கார அதிகாரி ஒருவர் தாளை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். போனவர் என்னைக் கூப்பிட்டார்.

“இனி அப்பா? டாரா கா?” இது என்ன, இரத்தமா என்று கேட்டார்.

பார்த்தேன். அக்கா சீலுக்கும் பொட்டு வைத்திருந்தார்! சும்மா இல்லை, தாராளமாகவே வைத்திருந்தார். சந்தனம் எண்களின் பள்ளத்தில் இறங்கி வெயிலில் காய்ந்திருந்தது. அதன் மேல் குங்குமம். தாளில் மூன்று என்று இருந்த இடம் சீலில் எட்டு மாதிரித் தெரிந்தது.

எண் ஒத்துப்போகாவிட்டால் சுங்கத்தார் வந்து திறந்து பார்த்து, வேறு சீல் போட வேண்டும். அதற்குள் குளோசிங் முடிந்துவிடும். மாதமும் முடிந்துவிடும். கொட்டகை மூடிவிடும். சாமி கும்பிடப் போய்க் கப்பலைக் கோட்டைவிட்ட ஒரே ஜாதி நாமாகத்தான் இருப்போம் என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. லோரிக்கார அண்ணன் துண்டை எடுத்துக்கொண்டு சீலைத் துடைக்கப் போனார். அவர் கையைப் பிடித்து இழுத்தேன். லோரிக்காரரோ, ஏஜண்டான நானோ சீலில் கை வைத்தால் அதைக் கலைத்ததாகத்தான் எழுதுவார்கள்.

எனக்குத் தெரிந்த மலாயில் அதிகாரியிடம் சொன்னேன். இது இரத்தம் இல்லை, பூஜைச் சாமான். பெட்டி பத்திரமாகப் போக வேண்டும் என்று ஒரு பெண் வைத்தது. நான் தொடக் கூடாது. அண்ணனும் தொடக் கூடாது. நீங்கள் தொடலாம்.

அவர் என்னையே பார்த்தார். “துடைச்சும் எண் வேறயா இருந்தா லோரி ஓரமாத்தான் போகும், தெரியுமா?” என்று மலாயில் கேட்டார். தெரியும் என்றேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்று நின்றுகொண்டிருந்தேன்.

அவர் தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து சீலில் கொஞ்சம் ஊற்றி, கட்டை விரலால் தேய்த்தார். எட்டு கரைந்து மூன்றானது. மற்ற எண்களையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டார். பிறகு விரலை மூக்கருகே கொண்டுபோனார். “வாங்ஙி” என்றார். மணக்கிறதாம். சிவந்த விரலாலேயே உள்ளே போகச் சொல்லிக் கைகாட்டினார்.

லோரிக்கார அண்ணன் உள்ளே ஓட்டிக்கொண்டு போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, “ராகு காலத்துல கெளம்பியிருந்தா என்னாயிருக்கும்?” என்றார். அப்போதுதான் துறைமுகத்துச் சரக்குக் கொட்டகைகளுக்கு அப்பால் முதல் முறையாகக் கப்பலைக் கிட்டத்தில் பார்த்தேன். கண் மேலே ஏற ஏற, முடிவே இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது அதன் சுவர். அம்மா பார்த்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பெட்டி ஏறியது. மாதம் முடியுமுன் கப்பல் கிளம்பியது. அக்காவுக்குச் சொல்ல மளிகைக் கடைக்குப் போன் செய்தபோது அந்தப் பக்கம் பெண்கள் கத்தியது எனக்கு ஆபீஸ்வரை கேட்டது.

ஆனாலும் அத்தோடு பயம் தீரவில்லை. பால்மரத்துப் பலகை சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். மூடிய கண்டெய்னருக்குள் வேர்த்து ஒழுகும். பிரித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் வீண். சரக்கு போய்ச் சேர்ந்திருக்கும் என்று நான் சொன்ன நாளிலிருந்து அக்கா ஆபீசுக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். மறுபடி கன்னத்தில் கை.

ஒரு நாள் போன் வந்தது. ஜப்பானிலிருந்து அந்த ஆளேதான். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் தட்டுத் தடுமாறிச் சந்தித்துக்கொண்டன. நாற்காலி வந்துவிட்டது என்றார். பிறகு, ஒரு கேள்வி என்றார். நாற்காலிக்கு அடியில் சிவப்பு அடையாளம் இருக்கிறதே?

அக்கா என் முகத்தைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார்.

அது சோதனை செய்து தேறியதற்கான முத்திரைதானே என்று ஜப்பான்காரர் கேட்டார். எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஒன்றில் மட்டும் அந்த முத்திரை இல்லை. அதைப் பார்க்காமல் அனுப்பிவிட்டீர்களா? அடுத்த கண்டெய்னரில் எல்லாவற்றிலும் முத்திரை இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்த கண்டெய்னர்! நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. போனை வைத்துவிட்டு அக்காவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நல்லாயிருக்காம். மறுபடி வேணுமாம். பொட்டு வச்சத முத்திரைன்னு நெனச்சிட்டான்க்கா, ஒண்ணுல இல்லேன்னு கேக்கறான்.

அக்கா மெல்ல உட்கார்ந்தார். அத்தனை வாரமும் வராத அழுகை அப்போது வந்தது.

“குனிஞ்சு பாத்திருக்கான்லா” என்றார். “எங்கம்மா நெரைய ஒருத்தன் குனிஞ்சு பாத்திருக்கான்.”