கங்காருவுக்குக் கருத்தடை ஊசி போட்ட நெரிடா

ஆஸ்திரேலியாவில் எங்கள் சின்ன ஊர் முல்லிண்டா. அங்கே நெரிடா டன்ஸ்டனிடம் தலையைக் கொடுக்காதவர்கள் இரண்டே வகைதான். ஒன்று வழுக்கைத் தலையர்கள், இன்னொன்று அவளோடு சண்டை போட்டவர்கள். கசாப்புக் கடைக்குப் பக்கத்தில் அவளுடைய பார்லர். பகலெல்லாம் கத்தரிக்கோல், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பப்பில் டார்ட் என்கிற குட்டி அம்பு எறியும் விளையாட்டு. நான் அங்கே சமையல்காரி. உருளைக்கிழங்கு பொரித்துக்கொண்டே எட்டிப் பார்ப்பேன். பலகையின் நடுவில் டார்ட் குத்தி நிற்கும், தோற்ற லாரி டிரைவர் தலையில் கைவைத்து நிற்பான், நெரிடா இடுப்பை ஆட்டி ஒரு சுற்று சுற்றுவாள்.

அவளுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. புருஷன் எப்போதோ கேரவனையும் நாயையும் எடுத்துக்கொண்டு குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டிருந்தான். ஒரு வாரம் அழுதாள், நாய்க்காக.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஊரைச் சுற்றி எல்லாம் காய்ந்து கிடக்க, கோல்ஃப் மைதானம் மட்டும் பச்சையாக இருந்தது. கங்காருக்களுக்கு அது போதாதா? கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. மணல் குழிகளில் கடற்கரைக்கு வந்தவர்கள் போலக் கால் நீட்டிப் படுத்தன. பந்து மேலே விழுந்தால் அடித்தவனை முறைத்தன. ரோட்டில் கார் மீது மோதிச் செத்தன, காரையும் கெடுத்தன. சுட்டுத் தள்ளு என்றது பாதி ஊர். தொட்டுப் பார் என்றது மீதி. கசாப்புக் கடைக்காரர் வில்ஃபும் அவர் தங்கையும் இதற்காகப் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள்.

கடைசியில் நகரசபை ஒரு வழி கண்டுபிடித்தது. பெண் கங்காருக்களுக்குக் கருத்தடைத் தடுப்பூசி. ஓர் ஊசி போட்டால் சில வருஷங்களுக்குக் குட்டி தங்காது. கான்பராவிலிருந்து இங்கிரிட் என்ற கால்நடை மருத்துவர் வந்து சேர்ந்தாள். டார்ட் செலுத்த உள்ளூர் ஆட்கள் தேவை என்று பப் சுவரில் அறிவிப்பு ஒட்டினாள்.

மறுநாள் காலை நெரிடா தன் அதிர்ஷ்டச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெல்வெட் பெட்டியோடு கோல்ஃப் கிளப்புக்குப் போனாள்.

"நான்தான் இந்த ஜில்லா சாம்பியன். கங்காரு எவ்வளவு தூரத்துல நிக்கும்?" என்றாள்.

இங்கிரிட் பெட்டியைத் திறந்து பார்த்தாள். சிவப்பு இறகு வைத்த மூன்று பப் டார்ட்கள்.

"இதக் கையால எறிஞ்சா?"

"பின்ன, காலாலயா?"

இங்கிரிட் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீப்பிலிருந்து நீளமான ஊசித் துப்பாக்கியை எடுத்துக் காட்டினாள். "டார்ட் இதுலேருந்துதான் போகும், நெரிடா."

நெரிடாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு, "சரி, அதையும் கத்துக்கறேன். பெட்டி மட்டும் என் கூடவே இருக்கும்" என்றாள்.

உரிமம், பயிற்சி என்று சில மாதம் ஓடியது. அட்டையில் வரைந்த கங்காருவுக்கு முதலில் காதில் சுட்டாள், வாலில் சுட்டாள், ஒருநாள் இங்கிரிட்டின் ஜீப் டயரில் சுட்டாள். விடவில்லை. ஒருவழியாகத் தொடைச் சதை பிடிபட்டது. டார்ட் பட்ட இடத்தில் ஊசியும் ஏறும், ரோஜா நிறச் சாயமும் தெறிக்கும். எதற்குப் போட்டோம், எதற்குப் போடவில்லை என்று குழம்பாமல் இருக்க அந்த ஏற்பாடு.

முதல் கங்காரு இவளை ஏமாற்றவில்லை. விடிந்தும் விடியாத நேரம். மேய்ந்துகொண்டிருந்தது. சுட்டாள். பஸ்ஸில் யாரோ இடித்துவிட்ட மாதிரி அது திரும்பிப் பார்த்தது. மறுபடி புல்லில் வாயை வைத்தது. பின்புறம் பளிச்சென்று ரோஜா நிறம். நெரிடா போட்ட கூச்சலில் மைதானத்தில் இருந்த மொத்தக் கூட்டமும் ஓடிப்போய்விட்டது.

"இன்னொரு தடவ கத்தினே, உனக்கும் ஒண்ணு போட்டுடுவேன்" என்றாள் இங்கிரிட்.

"போடேன்! எனக்கு இனிமே என்ன நஷ்டம்?"

ஊசி போட்ட கங்காருக்களுக்கெல்லாம் தன் வாடிக்கையாளர்களின் பெயரை வைத்தாள். பார்லருக்கு வருகிறவர்கள், "எனக்குப் போட்டாச்சா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். விட்டுப்போனவர்களுக்கு மனத்தாங்கல்.

அவளை ஆரம்பத்திலிருந்தே கேலி செய்துவந்தவர் ரெக்ஸ் ஹாலோரன், மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொள்பவர். மனைவி இறந்த பிறகு ஒதுங்கியே இருந்த மனிதர். இதெல்லாம் வீண்வேலை, வேலி போட்டால் போதும் என்பது அவர் கட்சி. அவளைப் பார்த்தால், "வந்தாச்சா குடும்பக் கட்டுப்பாடு!" என்பார்.

ஒரு காலை அவர் நீர்த்தெளிப்பானைக் குனிந்து சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவர் அங்கே இருப்பது நெரிடாவுக்குத் தெரியாது. முன்னால் ஒரு பெண் கங்காரு மறைத்து நின்றது. அவள் விசையை அழுத்தவும், அது குதித்து விலகவும் சரியாக இருந்தது.

"ஐயோ!" என்று ரெக்ஸ் எகிறிய உயரத்துக்கு எந்தக் கங்காருவும் எகிறியதில்லை.

இங்கிரிட் வெளுத்த முகத்தோடு ஓடினாள். மனித உடம்பில் ஏறக்கூடாத மருந்து அது. நெரிடாவும் பின்னாலேயே ஓடினாள். பார்த்தால், ரெக்ஸ் பின்பாக்கெட்டில் தடித்த தோல் கையுறைகளை மடித்து வைத்திருந்தார். ஊசி அதிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. கால்சட்டைதான் பின்னால் முழுக்க ரோஜா நிறம்.

ரெக்ஸ் கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்தார். "அப்ப எனக்கு இனிமே குட்டி பொறக்காதா?" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் தெளிப்பானைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது திறந்துகொண்டு மூவரையும் நனைத்தது.

இங்கிரிட் விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சாயங்காலம் பப்புக்குள் அவர் நுழைந்ததும் வில்ஃப் எழுந்து, "ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா, நண்பா?" என்றார். ரெக்ஸ் திரும்பி நின்று பின்புறத்தைக் காட்டினார். அந்த வெடிச்சிரிப்பில் வில்ஃபின் தங்கையும் சேர்ந்துகொண்டாள். சிரித்த வேகத்தில் அண்ணனின் தோளையே பிடித்துக்கொண்டாள். பிறகு சண்டையைத் தொடர அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ரெக்ஸ் கால்சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு பார்லருக்குப் போனார்.

"கற போகுமா?"

"இது முடிக்குப் போடற சாயம் இல்ல ரெக்ஸ். போகாது."

"அப்ப முடியையாவது வெட்டு."

வெட்டினாள். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும். ஒருநாள் நெரிடா சீப்பைக் கீழே வைத்தாள்.

"இனிமே வெட்டறதுக்கு உன் தலையில ஒண்ணும் இல்ல. வேற ஏதாவது சாக்கு யோசிச்சுட்டு வா."

ரெக்ஸ் காதுவரை சிவந்தார். "வெள்ளிக்கிழமை டார்ட் ஆட வரட்டுமா?"

"வா. ஆனா குனியாதே."

அடுத்த வசந்தத்தில் இங்கிரிட் பைனாகுலரோடு வந்து கங்காருக்களின் வயிற்றுப் பைகளைப் பார்த்தாள். பெரும்பாலானவை தட்டையாகவே இருந்தன. கூட்டம் குறையவில்லை, ஆனால் பெருகவும் இல்லை. சுடச் சொன்னவர்களும் தொடாதே என்றவர்களும் தங்கள் கட்சி ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

நெரிடாவும் ரெக்ஸும் கல்யாணத்தைக் கோல்ஃப் மைதானத்திலேயே வைத்துக்கொண்டார்கள். சடங்கை நடத்துகிற பெண்மணி உறுதிமொழியைச் சொல்லச் சொல்லும்போது, நாற்காலிகளுக்கு நடுவே ஒரு பெண் கங்காரு சாவகாசமாக நடந்து வந்தது. அதன் பையிலிருந்து ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்தது.

நெரிடா பூங்கொத்தை என் கையில் திணித்தாள். "இங்கிரிட்! இவள எப்படி விட்டோம்? துப்பாக்கி எங்க?"

"பூட்டி வச்சிருக்கேன். நாளைக்குப் பாத்துக்கலாம், முதல்ல கல்யாணம் பண்ணு!"

"அதுக்குள்ள ஓடிடும்!"

"நான் ஓட மாட்டேன், கண்ணு. மொதல்ல 'சரி'ன்னு சொல்லு" என்றார் ரெக்ஸ்.

கங்காரு மீதே கண்ணை வைத்துக்கொண்டு அவள் "சரி சரி" என்றாள். மறுநாள் விடியற்காலையில் புது மாப்பிள்ளை பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு அவள் பின்னால் புல்லில் ஊர்ந்துபோனார். தேனிலவுக்கு அடுத்த வாரம் போனார்கள்.