சொல்லிக் கொடுக்க முடியாத சாவி

பேரன் பிறந்த நாளிலிருந்து அவன் படங்களெல்லாம் என் போனில் ஒரு கணக்கில்தான் இருக்கின்றன. மகள் துபாயிலிருந்து அதில் போடுவாள். நான் தென்காசியில் அடுப்படியில் நின்றபடி பார்த்துக்கொள்வேன்.

அந்தக் கணக்குக்கு முதலில் பாஸ்வேர்டு போட்டது நான்தான். படித்தது எட்டாம் வகுப்பு. நம் ஊர்க் காசிவிசுவநாதர் பேரையே இங்கிலீஷில் அடித்தேன். ‘வலு போதாது’ என்று சிவப்பில் வந்தது.

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஏட்டி, ஊரையே காக்குத சாமிக்கு வலு போதாதாம்லா!”

சுவாமியை விட மனசில்லை. பின்னால் வீட்டுக் கதவு எண்ணைச் சேர்த்தேன். ஏற்றுக்கொண்டது.

போன வருஷம் ஒருவன் போனில் கூப்பிட்டான். “உங்க படமெல்லாம் நாளைக்கு அழிஞ்சிரும்மா. பாஸ்வேர்டு சொன்னா நிறுத்திருவேன்.” மரியாதையான குரல். சாமி பேரை ஒருவர் கேட்கும்போது வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்குத் தெரியாது. கதவு எண்ணோடு சொன்னேன். “ஒரு தடவை வந்து கும்பிட்டுட்டுப் போங்க தம்பி” என்றும் சொன்னேன். அரை மணி நேரத்தில் என் கணக்கு என்னையே உள்ளே விடவில்லை. மகள் தன் நம்பரையும் அதில் கொடுத்து வைத்திருந்ததால், அங்கிருந்தே நாலு நாள் போராடி மீட்டாள். அந்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கெஞ்சியதால் சுவாமி பேரை வைத்துக்கொண்டு, பின்னாலுள்ள எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்தாள்.

இந்தக் குற்றாலம் சீசனுக்கு அவள் பேரனோடு வந்தாள். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே, “எம்மா, போனை இங்கன தா. இனி உனக்குப் பாஸ்வேர்டே வேண்டாம்” என்றாள்.

“அது இல்லாம எப்படிட்டி உள்ள போக?”

“பாஸ்கீ போடுதேன். சாவி போனுக்குள்ளயே இருக்கும். நீ விரலை வச்சா, வந்தது நீதான்னு போன் சொல்லிரும். சாவி என்னன்னு உனக்கே தெரியாது.”

“எனக்கே தெரியாதா?”

“தெரிஞ்சாத்தான் நீ சொல்லிருவியே!”

விரலை வைத்தேன். அருவித் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல். போன் என்னைத் தெரியாது என்றது. “இத்தனை வருஷத்துல எனக்கே இன்னும் முழுசாப் பிடிபடல, அதுக்கு எங்கன தெரியும்?” என்றார் வீட்டுக்காரர். பஜ்ஜி தின்று, கை துடைத்து, விரல் நன்றாகக் காய்ந்த பிறகு வைத்தபோது எடுத்துக்கொண்டது.

பழைய பாஸ்வேர்டை மகள் அடியோடு நீக்கினாள். சுவாமி பேரை அழிக்கிறாளே என்று அவள் கையைப் பிடித்தேன். “சாமி கோயில்ல பத்திரமா இருக்காரும்மா” என்றாள்.

அவள் ஊர் திரும்பிய பத்தாம் நாள் மறுபடியும் ஒருவன் கூப்பிட்டான். அதே பேச்சு. பேரன் படமெல்லாம் போகப் போகிறது என்று அடுப்பை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். எனக்குப் பொய்யும் வராது.

“பாஸ்வேர்டு சொல்லுங்கம்மா.”

“இல்லியே தம்பி.”

“மறந்துட்டீங்களா?”

“மறக்கல. அப்படி ஒண்ணு எனக்குக் கிடையவே கிடையாது.”

அவன் ஒரு லிங்க் அனுப்பினான். அதையும் தொட்டுத் தொலைத்தேன். அச்சு அசலாக என் கணக்கு மாதிரியே ஒரு பக்கம் வந்தது. ஆனால் அது விரலைக் கேட்கவே இல்லை. பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு என்றே நின்றது.

“தம்பி, இது விரலைக் கேக்க மாட்டேங்குதே.”

“விரல் எதுக்கும்மா?”

“சாவி போனுக்குள்ள இருக்கு. அது எடுத்துத் தர மாட்டேங்குது. உங்க பக்கம் ஏதும் கோளாறோ? சரி பண்ணிட்டுக் கூப்பிடுதியளா?”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “வேண்டாம்மா, வச்சிருங்க.”

என் கணக்கை நானே திறந்தேன். விரலைக் கேட்டது, வைத்தேன். ஒரு படம் குறையவில்லை. மகளிடம் சொன்னபோது, “அது கள்ளப் பக்கம்மா. உண்மையான இடத்துல மட்டும்தான் அந்தச் சாவி வேலை செய்யும்” என்று சிரித்தாள்.

மறுநாள் கோயிலில் பேரன் பேருக்கு அர்ச்சனை சொன்னேன். கூடவே, போனில் பேசியவனுக்கும் ஒன்று செய்யச் சொன்னேன். ஒரு நல்ல வேலை அமைந்தால் அவன் ஏன் ஊரார் வீட்டுப் படத்துக்கு அலையப் போகிறான்?

“பேரு, நட்சத்திரம்?” என்றார் குருக்கள்.

எனக்குத் தெரிந்தது அவன் நம்பர் மட்டும்தான்.

“நம்பரைச் சொல்லுட்டி,” என்றார் வீட்டுக்காரர், “சாமியே கூப்பிட்டுப் பேசிக்கிடட்டும்.”

குருக்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பூத்தட்டை வாங்கினார்.