வடக்குத் திட்டில் பிடிக்காத ஈக்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில் சிதம்பரத்தில் விலங்கியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது எங்கள் துறையில் பெண்கள் இரண்டே பேர், நானும் அவளும். என் வீடு கடலூர் துறைமுகத்துப் பக்கம், அவளுடையது திருப்பாதிரிப்புலியூர். ஒரே அறையில் தங்கினோம். ஆராய்ச்சிக்கும் ஒரே பொருளை எடுத்துக்கொண்டோம்: ஈ.

சாப்பாட்டில் மொய்க்கிற ஈ இல்லை. குளவி மாதிரி மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டிருக்கும், ஆனால் கொட்டாது. பூவுக்கு எதிரே அந்தரத்தில் அப்படியே நிற்கும். சிர்ஃபிட் ஈ என்போம். பிச்சாவரம் உப்பங்கழியின் வடகோடியில் ஆள் நடமாட்டமில்லாத சில திட்டுகள் உண்டு. அங்கே எந்த ஈ வருஷம் முழுக்கக் குடியிருக்கிறது, எது காற்றோடு வந்து போகிறது என்று பதிவு செய்வதுதான் எங்கள் வேலை.

கிள்ளையிலிருந்து ஒரு மீனவ அக்கா தோணியில் கொண்டுபோய் விடுவார். "ஈ புடிக்கவா இம்மாந்தூரம் வர்றீங்க? எங்க கருவாட்டுக் களத்துக்கு வாங்க, படி படியா அள்ளித் தர்றேன்" என்று முதல் நாளே சிரித்தார். முழங்கால் சேற்றில் நின்றபடி சுரபுன்னைப் பூக்களின்மேல் வலை வீசுவோம். குறிப்பேட்டில் இடது பக்கம் 'இருப்பவை', வலது பக்கம் 'வருபவை'. எட்டு மாதம் ஆகியும் வலது பக்கம் காலியாகவே இருந்தது.

குளிர்ப் பிரதேசத்தில் காணப்படும் ஓர் ஈ, ஆரஞ்சு வயிற்றில் இரட்டைக் கோடு போட்டது, வாடைக்காற்றோடு இங்கே இறங்கும் என்பது எங்கள் நம்பிக்கை. ஐப்பசிக்காகக் காத்திருந்தோம். ஐப்பசி பிறந்ததும் எனக்கு டைபாய்டு வந்தது. அப்பா வந்து கடலூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்றரை மாதம் படுக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தபோது அவள் வந்தாள். கையில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் ஊசி குத்திய ஏழு ஈக்கள், எல்லாம் ஆரஞ்சு வயிறு. ஒவ்வொன்றின் கீழும் அவள் கையெழுத்தில் 'வடக்குத் திட்டு' என்ற சீட்டு.

"வந்துடுச்சுடி!" என்றாள்.

எழுந்து உட்காரத் தெம்பில்லாத நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மழையிலும் காற்றிலும் எனக்காகவும் சேர்த்து இவள் தனியாகப் போயிருக்கிறாளே என்று நினைத்தேன். கட்டுரையை அவளே எழுதினாள். இரண்டு பேர் பெயரும் போட்டுச் சென்னையில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினோம். அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

தை மாதம் உடம்பு தேறியதும் நான் மட்டும் கிள்ளைக்குப் போனேன். தோணி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா பாப்பா, இப்டி எளச்சுட்ட? புரட்டாசில வந்துட்டுப் போனவங்க, இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"ஐப்பசில அவ வந்தாளேக்கா."

"வந்தாங்க, ஒரு தடவ. கரையில நின்னு பாத்தாங்க. காத்து ஜாஸ்தியா இருக்குது, பயமா இருக்குதுன்னு அடுத்த பஸ்சுலயே போயிட்டாங்க. அந்த மாசம் பூரா நாங்களே தோணி எடுக்கலியே."

அன்று திட்டுக்குப் போகாமலே திரும்பினேன்.

அறையில் அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "இது எங்க புடிச்சது?"

சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு, "எங்க வூட்டுப் பின்னால சாமந்தித் தோட்டத்துல" என்றாள். "அதனால என்ன? அங்க வர்ற ஈ இங்க வராதா? காத்து ஒண்ணுதானே? நீ படுத்துக் கெடந்த. ஒரு வருஷ உழைப்பு வீணாப் போகுதேன்னு உனக்காகத்தான் செஞ்சேன்."

"எம் பேரு இருக்குதுடி அதுல."

"அப்ப உங்க சாமியார்கிட்ட போயி பாவமன்னிப்பு கேட்டுக்கோ."

பொய்ச் சீட்டைக்கூட நான் பொறுத்திருப்பேனோ என்னவோ. அந்த 'உனக்காகத்தான்' என்ற வார்த்தையைப் பொறுக்க முடியவில்லை. காய்ச்சலில் கிடந்து நான் அழுத அழுகையை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

மறுநாள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, அந்தப் பதிவு தவறு, கட்டுரையைப் போட வேண்டாம் என்றேன். அவர்கள் நிறுத்திவிட்டார்கள். காய்ச்சலுக்குப் பிறகு எனக்குப் புத்தி சரியில்லை, அவள்மேல் பொறாமை என்று துறையில் பேச்சு எழுந்தது. யார் கிளப்பியது என்று நான் கேட்கவில்லை. அவள் வேறு அறைக்கு மாறினாள். சித்திரையில் கல்யாணம் நிச்சயமாகி ஆராய்ச்சியையே விட்டுவிட்டாள். எனக்குக் கல்யாணப் பத்திரிகை வரவில்லை.

அடுத்த கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலையில் அக்கா தோணி எடுக்கச் சம்மதித்தார். வடக்குத் திட்டில் சுரபுன்னைப் பூக்களுக்கு முன்னால் அவை நின்றன. ஆரஞ்சு வயிறு, இரட்டைக் கோடு. பதினொன்று எண்ணினேன். வலது பக்கத்தில் எழுதும்போது ஆத்திரம்தான் வந்தது. பத்து நாள் பொறுத்து ஒரு தடவை தோணி ஏறியிருந்தால் போதுமே, பாவி!

மூன்று நான்கு வருஷம் கழித்துத் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. அவளாகத்தான் பக்கத்தில் வந்தாள்.

"இன்னும் ஈ புடிச்சிட்டுதான் இருக்கியா?"

"ஆமா."

"அந்த ஈ... அப்புறம் எப்பனா திட்டுல வந்துச்சா?"

கேட்கும்போது அவள் முகத்தில் ஓர் ஆசை தெரிந்தது. வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குப் பாரம் குறைந்திருக்கும். "குழந்தைக்கு என்ன வயசு?" என்று கேட்டேன். ரயில் வந்ததும் வேறு பெட்டியாகப் பார்த்து ஏறிக்கொண்டேன்.