தொழுவத்துக்கு அனுப்பியவர்

சோலைச்சாமி முப்பத்தோரு வருஷம் போலீஸில் இருந்தவர். அதில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டர். அடிபட்டவர்கள் எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியே கை காய்த்துப்போனவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வு பெற்றபின், தேவதானத்துக்கு மேற்கே மலையடிவாரத் தென்னந்தோப்பில் வீடு கட்டி, மனைவி வெள்ளைத்தாயோடு குடியிருந்தார். பொய் சொல்லாத மனுஷன் என்று ஊரில் பேர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தோப்பு வேலைக்குப் பாண்டீஸ்வரி பதினோரு வருஷமாக வந்துகொண்டிருந்தாள். ஊருக்குத் தள்ளியிருக்கும் காலனிக்காரி. தேங்காய் பொறுக்குவாள், மாட்டுக்குத் தண்ணி காட்டுவாள், பின்பக்கம் தனியாக வைத்திருக்கும் டம்ளரில் டீ குடித்துவிட்டுப் போவாள். வீட்டு வாசற்படியை ஒருநாளும் தாண்டியதில்லை. தாண்டாதே என்று அவளிடம் யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அடித்த காற்றில் தென்னைகள் தலையை விரித்து ஆடின. மட்டைகள் பிய்ந்து பறந்தன. கரண்ட் போய்விட்டது. பாண்டீஸ்வரி தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து முற்றத்தில் நின்றாள்.

"ஏங்க, உள்ள வரச் சொல்லுவமா?" என்றாள் வெள்ளைத்தாய்.

சோலைச்சாமி யோசிக்கவேயில்லை. ஜன்னல் வழியே சத்தம் கொடுத்தார். "ஏட்டி, தொழுவத்துல போயி நில்லு. செத்த நேரத்துல விட்டுரும்."

"சரிங்கய்யா."

கால்மணி நேரம் இருக்கும். தொழுவத்தை ஒட்டி நின்ற தென்னை வேரோடு சாய்ந்தது. சோலைச்சாமி மழையில் ஓடினார். உடைந்த சிமெண்ட் சீட்டுக்கு அடியில் பாண்டீஸ்வரி கிடந்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே திரும்பியிருந்தது. இடது கையில் கன்றுக்குட்டியின் கயிறு. அதை அவிழ்த்துவிடப் போன நேரத்தில்தான் கூரை இறங்கியிருக்கிறது.

அவளைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்தபோது, அந்த வலியிலும் அவள் தலையை அசைத்தாள்.

"உள்ள வேண்டாங்கய்யா. தரையெல்லாம் சகதியாயிரும்."

அவர் நிற்காமல் படியேறி அவளை உள்ளே கொண்டுபோனார்.

மழை வெறித்து, ரோட்டில் விழுந்த மரங்களை அறுத்துப்போட்டபின், தெரிந்தவர் லோடு ஆட்டோவில் ராஜபாளையத்துக்குக் கொண்டுபோனார்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். பாண்டீஸ்வரி ஒருதரம் சோலைச்சாமியைப் பார்த்தாள்.

"மழைக்கு நானாத்தான் தொழுவத்துல ஒதுங்குனேன் சார்."

டாக்டர் அப்படியே எழுதினார். எத்தனையோ பொய் வாக்குமூலங்களை முதல் வரியிலேயே பிடித்த சோலைச்சாமி, அந்தப் பேனா ஓடி முடிகிறவரை வாயைத் திறக்கவில்லை.

நாலு நாள் கழித்து டீக்கடையில் பக்கத்துத் தோப்புக்காரன் சேதுபதி புகழ்ந்தான். "சொந்த மனுஷி மாதிரி தூக்கிட்டு ஓடுனீகளாமே அண்ணாச்சி!"

சோலைச்சாமிக்கு முகம் எரிந்தது. "நாந்தாம்லே அவளத் தொழுவத்துக்கு அனுப்புனேன். வீடு தொறந்துதான் கெடந்துச்சு."

சேதுபதிக்குப் புரியவில்லை. "அதுக்கென்ன? பொறவு வேற எங்கன நிக்கச் சொல்லுவீக?"

கடையில் இருந்த யாருக்குமே அது தப்பாகப் படவில்லை. இத்தனை வருஷம் தானும் அந்தக் கூட்டத்தில்தானே உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்த சோலைச்சாமி, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அங்கிருந்து நேரே காலனிக்குப் போனார். மாவுக்கட்டோடு பாண்டீஸ்வரி ஒற்றைக் கையால் சேரை இழுத்துப் போட்டாள். அவர் நின்றுகொண்டே சொன்னார்.

"அன்னைக்கு ஒன்னய உள்ள கூப்பிட்டிருக்கணும். ஆஸ்பத்திரியில நெசத்தச் சொல்லவும் எனக்கு வாய் வரல."

அவள் இழுத்துப் போட்ட சேரைச் சுவரோரம் தள்ளி வைத்தாள்.

"உள்ள வரட்டுமான்னு நானும் கேக்கலையேய்யா. கேக்கணும்னு தோணக்கூட இல்ல. அத நெனச்சாத்தான் எனக்கு வெக்கமா இருக்கு." பிறகு, "கை சேந்ததும் பேண்டேஜ் துணி நெய்யிற கம்பெனிக்கு வேலைக்குப் போறேன். இனி தோப்புக்கு வரல" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. சரி என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். எதிரே வந்தவர்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் தலை நிமிரவில்லை.