‘போயிக்கட்டுங்களா’ என்று கேட்டது தப்பா?

போன வாரம் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கேசரி வந்தது. வக்கீல் கவிதா ஏதோ கேஸ் ஜெயித்திருக்கிறார் என்று அர்த்தம்.

கவிதாவை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கோர்ட் வாசலில் காரை நிறுத்தி, ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, சட்டம் சொல்லித் தரும் வீடியோ போடுகிறாரே… அவர்தான். கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்களுக்கு அடுத்த வீடு.

இந்த கேஸும் ஒரு வீடியோவில்தான் ஆரம்பித்தது. ‘அடுத்தவர் நிலத்து வழியாக இருபது வருஷத்துக்கு மேல் தடையில்லாமல் போய் வந்தால், அந்தப் பாதையில் போக உங்களுக்கு உரிமை உண்டு’ என்று பேசியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்தவர் பழனியம்மாள். பனமரத்துப்பட்டி பக்கம் மரவள்ளிக்கிழங்கு போட்டிருப்பவர்.

அவருடைய கிழங்குக் காட்டுக்குப் போக ஒரே பாதை, பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுசாமியின் வீட்டு ஓரமாக. மாமனார் காலத்திலிருந்து போய் வந்த பாதை. திடீரென்று பொன்னுசாமி குறுக்கே பள்ளம் வெட்டிவிட்டார். டிராக்டர் போகாத காட்டில் கிழங்கு வெட்டி என்ன செய்வது? ஜவ்வரிசி ஆலைக்குத் தலையில் சுமந்தா கொண்டுபோவது? பாதை போனால், பொன்னுசாமி கேட்கிற விலைக்கு அவரிடமே காட்டைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

விசாரணையை வேடிக்கை பார்க்க நானும் போனேன். எதிர்த்தரப்பு வக்கீல் பழனியம்மாளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார் — அந்தப் பாதையில் கேட்டுவிட்டுப் போவீர்களா, கேட்காமல் போவீர்களா?

“கேக்காம எப்படிங்க போறது? ஊடு வாசல் இருக்கற எடம். ‘போயிக்கட்டுங்களா’ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் போவமுங்க.”

கவிதாவின் முகம் வாடிவிட்டது. அனுமதி கேட்டுப் போனால், எத்தனை வருஷம் போனாலும் அது உரிமை ஆகாது. அதுதான் சட்டம்.

“இதை நான் சொல்லலீங்க… அந்தம்மாவே வீடியோவில சொல்லியிருக்காங்க” என்று எதிர் வக்கீல் கவிதாவைக் காட்டிச் சிரித்தார். நிஜந்தான். அதே வீடியோவின் கடைசியில் கவிதாவே சொல்லியிருந்தார். பழனியம்மாள் அதுவரைக்கும் பார்க்கவில்லை போல. நம்மில் யார்தான் ஒரு வீடியோவைக் கடைசிவரை பார்க்கிறோம்?

அடுத்த வாய்தாவில் பொன்னுசாமி கூண்டேறினார். கவிதா பாதையைப் பற்றியே பேசவில்லை.

“ஏனுங்க, உரம் ஏத்திட்டு டிராக்டர்ல ஊருக்குள்ள வர்றீங்க. கோயில் முன்னாடி ரோட்டோரமா நாலு பேர் உட்கார்ந்திருக்காங்க. என்ன சொல்லுவீங்க?”

“‘போயிக்கட்டுங்களா’ம்பனுங்க.”

“அது யாரு ரோடுங்க?”

“பஞ்சாயத்து ரோடுங்க.”

“அவங்க வேண்டாம்னு சொன்னா திரும்பிப் போயிருவீங்களா?”

பொன்னுசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. “அதெப்படிங்க? ரோட்டுல போறதுக்கு வேண்டாங்கறதுக்கு அவங்க யாரு? ஒரு மரியாதைக்குக் கேக்கறதுங்க அது.”

“அவ்வளவுதானுங்க” என்று கவிதா உட்கார்ந்துவிட்டார். எதிர் வக்கீல் ஃபைலுக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும்போல் இருந்தது. கோர்ட்டாயிற்றே… அடக்கிக்கொண்டேன்.

தீர்ப்பு பழனியம்மாளுக்குச் சாதகம். பள்ளத்தை மூட வேண்டும், பாதையை மறிக்கக் கூடாது. எங்கேயோ உட்கார்ந்து எழுதிய சட்டத்துக்கு நம் ஊர் மரியாதை எப்படித் தெரியும்? யாராவது எடுத்துச் சொன்னால்தானே தெரியும்.

கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கவிதா போனில் இருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்பீக்கரில் போட்டார். பொன்னுசாமியின் குரல்!

“பள்ளத்தை மூடியாச்சுங்க. அந்தம்மா டிராக்டரும் ரெண்டு நடை போயிருச்சு. அது கெடக்கட்டும்… எம் பொண்ணைத் தம்மம்பட்டியில குடுத்திருக்குதுங்க. அங்கயும் தோட்டத்துக்குப் போற வழியை ஒருத்தன் அடைச்சுப்போட்டான். நீங்களே வந்து பேசினாத்தானுங்க சரியா இருக்கும்.”

ஆயிரம் லைக் வரட்டும்… தோற்றுப்போன எதிராளியே கட்சிக்காரராக வருவது எத்தனை வக்கீலுக்கு வாய்க்கும்?