தலையணைக்காரன் கட்டிய மூட்டை

குழந்தைக்கு டயப்பர் மாட்டிவிட்ட அப்பாக்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அதை மேசைமேல் மல்லாத்திப் போட்டு, கத்தரிக்கோலால் நட்டநடுவில் வெட்டி, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். தலையணைக்காரன் பார்த்தான்.

மேலே மெல்லிய துணி. அதற்குக் கீழே இன்னொரு விரிப்பு. அதற்கும் கீழே பஞ்சு. பஞ்சை ஒரு கண்ணாடித் தம்ளருக்குள் உதறினால் சர்க்கரை மாதிரி வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அதன்மேல் தண்ணீர் ஊற்றினான். பொடி உப்பிக்கொண்டே வந்து, நொறுங்கிய பனிக்கட்டி போலத் தம்ளர் முழுக்க நிறைந்தது. தம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஒரு சொட்டு விழவில்லை.

"இங்க வந்து பாரேன், தண்ணியைக் காணோம்!" என்று மகளைக் கூப்பிட்டான்.

இரண்டு வயது ஆகப்போகிற மகள் வந்தாள். கிண்ணத்தில் கஞ்சியைப் பார்ப்பதுபோல் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு கைநிறைய அள்ளி, அப்பாவின் சட்டைப்பைக்குள் போட்டாள். அவளுக்குப் பிடித்த எதுவும் அந்தப் பைக்குள்தான் போகும்.

அவன் வேலை பார்ப்பது தலையணை செய்யும் ஆலையில். அந்த வேலைக்கு வந்ததற்கும் இந்தக் குடைச்சல் புத்திதான் காரணம். சின்ன வயதில் அவனுடைய தலையணை ஒரு பக்கம் மட்டும் எப்போதும் சூடாக இருந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் பிளேடால் கிழித்துப் பார்த்தான். பாதிக்குப் பஞ்சு, பாதிக்குப் பழைய கோட்டுத் துணி. முதுகில் அடி விழுந்தது, ஆனால் விஷயம் தெரிந்துவிட்டது. பிற்பாடு ஆலையில் பஞ்சு அள்ளிப் போடும் ஆளாகச் சேர்ந்தான். பக்கத்து மேசைக்காரர்களின் கையைப் பார்த்துப் பார்த்தே மற்றதைப் பிடித்துக்கொண்டான். முதலில் நாலு மூலை, பிறகு ஓரம், கடைசியில்தான் நடு. இப்போது அவன் தரம் பார்க்கிறவன். முழங்கையால் ஒரு அழுத்து அழுத்துவான். அமுங்கின இடம் எழுந்து வருகிற விதத்தைப் பார்த்தே இது போகலாம், இது நிற்கட்டும் என்று சொல்லிவிடுவான்.

மனைவி கண்ணாடி வில்லை தீட்டும் பட்டறையில் இருந்தாள். புது இயந்திரம் பழக அவளை வேறு தேசத்துக்கு அனுப்பினார்கள். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது அவனுடைய அக்கா, "எங்கிட்ட விட்டுடு. ஆம்பளை ஒருத்தனா வளர்க்கற சாமானா இது?" என்றாள். முடியவே முடியாது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

பார்த்துக்கொள்ளவும் செய்தான். நடுவில் ஒரு தடவைதான் தடுமாறினான். வழக்கமாக வாங்கும் நீலப் பாக்கெட் மருந்துக்கடையில் தீர்ந்துபோயிருந்தது. எல்லாம் ஒன்றுதானே என்று கையில் கிடைத்ததை வாங்கி வந்தான். மறுநாளே குழந்தையின் தொடையிடுக்கு தோல் உரித்ததுபோல் சிவந்துவிட்டது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. அவன் தோளில் தொங்கிக்கொண்டேதான் தூங்கினாள். டாக்டர் களிம்பு கொடுத்து, "எது ஒத்துக்குதோ அதையே போடுங்க, மாத்தாதீங்க," என்று அனுப்பிவிட்டார்.

அத்தோடு விடுகிறவனா? எது ஒத்துக்கொள்ளவில்லை, அதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? கடையில் இருந்த எல்லா ரகத்திலும் ஒரு பாக்கெட் வாங்கினான். ஒவ்வொன்றின் மேல்துணியிலும் சின்னத் துண்டு வெட்டி, நனைத்து, பிளாஸ்திரி போட்டு முன்கையின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். மற்றவை ஒன்றும் செய்யவில்லை. ஒன்று மட்டும் அரித்துத் தடித்தது, குழந்தையைப் புண்ணாக்கிய அதே ரகம். அன்றைக்கே கையைப் போன் திரையில் மனைவிக்குக் காட்டினான்.

அவள் முதலில் பயந்துபோனாள். விஷயம் தெரிந்ததும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஏங்க, கையிலயா டயப்பர் கட்டியிருக்கீங்க? வெளியில சொல்லிடாதீங்க!"

சிரித்தாள் என்பதற்காக அவன் பழக்கத்தை விடவில்லை.

பட்டறைக்காரர்கள் மனைவியின் பயிற்சியை இன்னும் பல மாதம் நீட்டினார்கள். குடும்பம் வந்து கூட இருக்கலாம் என்றார்கள். அவனும் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, டிக்கெட்டைப் பதிவு செய்த கையோடு மருந்துக்கடைக்கு ஓடினான். நீலப் பாக்கெட்டுகள் வீட்டுக்கு வந்து சேர ஆரம்பித்தன. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேலே, சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் வரிசையாக.

"இங்கயும் குழந்தைங்க இருக்குதுங்க," என்றாள் மனைவி போனில். "அதுங்களும் நனைக்குதுங்க. வழிக்கு மட்டும் கொண்டு வாங்க, போதும்."

"அங்க இருக்கறதோட மேல்துணி எப்படி இருக்கும்னு தெரியாதே."

"வந்து வெட்டிப் பாத்துக்கங்க."

"சரி, பாத்து முடிக்கற வரைக்கும் எதைப் போடறது?"

அவனுக்கு அதுதான் கேள்வி. புண் வந்தபோது அவன் தனியாகச் சமாளித்தான். அங்கே போய் இறங்கிய வாரத்திலேயே அம்மாவின் கண்ணெதிரே மறுபடி அது வந்தால்? மனைவி விட்டுவிட்டுப் போனபோது மகள் எப்படி இருந்தாளோ அப்படியே, ஒரு சிவப்புப் புள்ளி இல்லாமல் குழந்தையை அவள் கையில் கொடுக்க வேண்டும். திரும்பி வருகிறவரை அப்படியே இருக்கவும் வேண்டும். இத்தனை பாக்கெட்டும் அதற்காகத்தான்.

சாமான் கட்ட உதவிக்கு வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "குடும்பம் போகுதா, கடை போகுதா?"

"எல்லாம் ஒரே பெட்டியில போயிடும்க்கா."

"எந்தப் பெட்டிடா? கப்பல்ல ஏத்தற பெட்டியா?"

அவன் பதில் வைத்திருந்தான். ஆலையில் ஓர் இயந்திரம் உண்டு. தலையணைகளைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயை மாட்டினால், உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சித் தட்டையாக்கி மூடிக் கொடுத்துவிடும். ஒரு கட்டிலளவு தலையணைக் குவியல் ஒரு பலகையளவு ஆகிவிடும். அதை ஓட்டுகிறவனுக்கு ஆலையில் 'காத்து' என்றே பெயர்.

"டயப்பரா?" என்றான் காத்து. "நசுங்கிடாதா?"

"நசுங்கினா திரும்ப எழுந்திருக்குதான்னு ஒண்ணை வெச்சுப் பாத்துட்டேன். பஞ்சுதானே, எழுந்திருக்குது. குடிக்கற தண்ணியும் குறையலை."

"அதையும் அளந்தியா?"

"அளக்காம?"

காத்து தலையில் அடித்துக்கொண்டு இயந்திரத்தை ஓட்டினான். பைகள் முனகிக்கொண்டு சுருங்கின. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கையில் வந்தவை டயப்பர் மூட்டைகளாக இல்லை, வெள்ளைச் செங்கல்களாக இருந்தன. வீட்டில் பெட்டிக்குள் அடுக்கினான். அத்தனையும் போய், ஓரத்தில் கையளவு இடமும் மிச்சம். அந்த இடத்தில் ஜிப் வைத்த இரண்டு தலையணை உறைகளை மடித்து வைத்தான். அந்த ஊர்த் தலையணையில் கழுத்து வலிக்கிறது என்று மனைவி சொல்லியிருந்தாள். உறை மட்டும் இருந்தால் போதும், அங்கே கிடைக்கிற பஞ்சை அவள் கழுத்துக்கு ஏற்றபடி அடைத்துக் கொடுக்கலாம். மற்ற துணிமணியெல்லாம் தோள்பையில்.

"பாத்தியாக்கா?" என்று மூடியைத் தட்டினான். அக்கா பெட்டியை ஒரு கையால் நகர்த்தப் பார்த்தாள். நகரவில்லை. "ம்," என்றாள். அந்த 'ம்' என்ன சொன்னது என்று அவன் அப்போது யோசிக்கவில்லை.

விமான நிலையத்தில் கவுண்டர்ப் பெண் பெட்டியை எடைமேடையில் வைக்கச் சொன்னாள். வைத்தான். எண்கள் சிவப்பாக எரிந்தன.

"சார், இதை ஏத்த முடியாது."

"இடமே பிடிக்காதுங்க. எவ்வளவு ஒல்லியா இருக்கு பாருங்க."

"ஒல்லி, குண்டெல்லாம் கணக்கில்ல சார். எடைதான். இதுக்கு மேல இருந்தா தூக்கறவங்க இடுப்பு போயிடும். ஓரமா வெச்சுப் பாதியை எடுத்துட்டு வாங்க."

தலையணைக்காரன் முகத்தில் ஈயாடவில்லை. எடை! ஆலையில் அந்த வார்த்தையை யார் சொன்னார்கள்? அங்கே லாரி நிரம்பும், பாரம் ஏறாது. தலையணைக்காரர்களுக்குச் சண்டை, சச்சரவு, கணக்கு எல்லாமே இடத்தோடுதான். இடத்தைச் சுருக்கிவிட்டால் எல்லாவற்றையும் சுருக்கிவிட்டதாகத்தான் அவன் உடம்பே நம்பியிருந்தது. உறிஞ்சிக்கொண்டு போனது காற்று மட்டும். டயப்பர் அத்தனையும் அங்கேயேதான் இருந்தது.

வழியனுப்ப வந்த அக்கா குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டாள். அவன் ஓரமாகப் போய்ப் பெட்டியைத் திறந்தான். ஒன்றிரண்டு செங்கலை மட்டும் எடுத்துவிடலாம் என்றால், அடியில் இருந்தவை பெட்டியோடு சேர்ந்து இறுகிக் கிடந்தன. நெம்பி இழுத்தான். ஜிப்பின் பல் பட்டு ஒரு பை கிழிந்தது.

புஸ்ஸ்...

கிழிந்தது மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தது. அது எழுந்த வேகத்தில் பக்கத்துப் பை பெட்டியின் பூட்டில் உரசி, அதுவும் மூச்சு வாங்கியது. வெள்ளை மேடு ஒன்று பெட்டிக்குள்ளிருந்து மெதுவாக, யாரையும் லட்சியம் செய்யாமல் வளர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "பெரிசு! பெரிசு!" என்று குழந்தை கைதட்டியது.

மூலையில் இருப்பது முதலில் எழுகிறதா, நடுவில் இருப்பதா? தலையணைக்காரன் குந்தி உட்கார்ந்து அதைக் கவனித்துக்கொண்டிருந்தான்.

"டேய்!" என்றாள் அக்கா. "வேடிக்கை பாக்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்கே? இதுக்குச் சொந்தக்காரனே நீதான்டா!"

மூடியை அழுத்தினான். மேலே ஏறி உட்கார்ந்தான். முழங்கையைக் கொடுத்தான். அமுங்கின இடமெல்லாம் எழுந்து வந்தது. வேலை நேரமாக இருந்தால் முதல் தரம் என்று அனுப்பியிருப்பான்.

"விட்டுட்டுப் போடா. நான் எடுத்துட்டுப் போயி யாருக்காவது குடுக்கறேன். அங்க கிடைக்கறதை வாங்கிப் போடு."

அதற்குள் அவன் கண்ணில் அந்த இரண்டு உறைகள் பட்டுவிட்டன.

கிழியாத பைகளைப் பெட்டியில் எடை மட்டுக்கும் அடுக்கி மூடினான். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உறையின் ஜிப்பைத் திறந்தான். முதலில் நாலு மூலை, பிறகு ஓரம், கடைசியில் நடு. கை தானாக ஓடியது. முதல் தலையணை முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. முழங்கையால் அழுத்திப் பார்த்து, ஒரு மூலையைத் திறந்து இன்னும் ஒன்றைத் திணித்தான். மீந்ததை அக்கா ஒரு பெரிய பையில் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"ஊர்ல ஒருத்தனும் இப்படிப் பொறக்கலை," என்றாள். திட்டுகிறாளா, மெச்சுகிறாளா என்று தெரியவில்லை. "போய்ச் சேந்ததும் போன் பண்ணு. குழந்தை ஒட்டிக்கிச்சா, அம்மாவைக் கண்டு அழுதுச்சான்னு சொல்லு."

கவுண்டர்ப் பெண் பெட்டியை எடை போட்டுத் தலையசைத்தாள். பிறகு அவன் இரண்டு கக்கத்திலும் இருந்ததைப் பார்த்தாள்.

"குழந்தையோட தலையணையா?"

"ஆமாங்க."

"குழந்தையை விடப் பெரிசா இருக்கே?"

"வளர்ற பிள்ளைங்க."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டைக் கொடுத்தாள். சோதனை வாசலில் ஒரு காவலர் ஜிப்பைத் திறந்தார், உள்ளே பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி உள்ளே பார்த்தார். ஜிப்பை மூடிக் கொடுத்தார்.

விமானத்தில் மகள் ஒரு தலையணைமேல் தலையும் இன்னொன்றின்மேல் காலுமாகச் சௌக்கியமாகத் தூங்கினாள். பக்கத்து இருக்கையில் தொப்பி போட்ட ஒரு பயணி. குழந்தை நனைத்ததும் தலையணையின் மூலையைத் திறந்து இவன் ஒரு டயப்பரை உருவியபோது அவர் படித்துக்கொண்டிருந்த பத்திரிகை கீழே இறங்கியது. இரண்டாம் தடவை உருவியபோது, "அதுல பால் பாட்டிலும் இருக்குமா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. அது தனி."

"நல்லாத்தான் இருக்கு யோசனை," என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "தொட்டுப் பாக்கலாமா?" என்றார். தொட்டுப் பார்த்தார்.

மாறி ஏற வேண்டிய ஊரில் விமானம் வெகுநேரம் தாமதமானது. அங்கே ஒரு தாய் அழுகிற குழந்தையோடு அலைந்துகொண்டிருந்தாள், அவளுக்கும் இதிலிருந்து போனது. போய் இறங்கியபோது ஒரு தலையணை ஒரு பக்கம் சரிந்து, அவனைப் போலவே களைத்திருந்தது.

மனைவி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். குழந்தை அவளைப் பார்த்தது. போனில் சின்னதாகத் தெரிகிற அம்மா இவ்வளவு பெரியவளாக இருப்பாள் என்று அது எதிர்பார்க்கவில்லை போலும். தலையணைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டது.

வாடகை அறைக்குப் போய் டயப்பரை மாற்றும்போது மனைவி பார்த்தாள். விளக்கின் கீழே திருப்பித் திருப்பி, வில்லையில் கீறல் தேடுகிற கண்ணால் பார்த்தாள்.

"ஒரு புள்ளி கூட இல்லைங்க," என்றாள் மெதுவாக.

அவனுக்கு உச்சி குளிர்ந்தது. ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்? "பாதிதான் கொண்டுவர முடிஞ்சுது. எடையை மறந்துட்டேன். இருக்கற வரைக்கும் போடலாம். அப்புறம் என்ன பண்றதுன்னுதான் தெரியலை."

அவள் இடது கைச் சட்டையைச் சுருட்டிவிட்டாள். முன்கையின் உட்புறத்தில் வரிசையாகப் பிளாஸ்திரித் துண்டுகள்.

அவன் அவள் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். "என்னது இது? நனைச்சு ஒட்டினியா, காஞ்சதாவா?"

"நனைச்சுத்தான். நீங்க டிக்கெட் போட்டதுலேருந்து மாத்தி மாத்தி ஒட்டறேன். பட்டறையில எல்லாரும் கேட்டாங்க. சூடு பட்டுடுச்சுன்னு சொன்னேன்." ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "இது அரிச்சுது. இதுவும் கொஞ்சம். கடைசியில இருக்கறது மட்டும் ஒண்ணும் பண்ணலை. தடவிப் பாருங்க."

தடவிப் பார்த்தான். தோல் தோலாகவே இருந்தது.

"என்னைப் பாத்துச் சிரிச்சியே?"

"சிரிச்சேன். அதுக்காக ஒட்டாம இருப்பேனா?"

"அந்த ரகத்துல ஒண்ணு இருக்கா? உள்ள என்ன வெச்சிருக்கான்னு பாக்கணும்."

"கத்தரிக்கோல் மேசை மேலயே வெச்சிருக்கேன்," என்றாள்.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். அவன் வெட்டினான், அவள் தம்ளரைப் பிடித்தாள். பஞ்சை உதறினால் இங்கேயும் வெள்ளைப் பொடி, கொஞ்சம் பெரிய மணியாக. தண்ணீர் ஊற்றியதும் இரண்டு பெரிய தலைகளும் முட்டிக்கொள்கிற மாதிரி குனிந்தன. குழந்தை நடுவில் புகுந்து எட்டிப் பார்த்தது. கைநிறைய ஒரு பிடி அள்ளியது. அப்பாவைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. பிறகு அம்மாவின் சட்டைப்பையை விரலால் விரித்து, சிந்தாமல் உள்ளே போட்டது.

பை நனைந்து வயிறுவரை சில்லிட்டது. அவள் அதை உதறவில்லை.